கண்ணுக்குள் ஒரு குமிழி, கையில் ஒரு ரிட்டேர்ன் டிக்கற்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் மாமா, ஒரு கிழமையாக இல்லாத நுளம்பை அடித்துக்கொண்டிருந்தார். இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ பறக்கிறது. கண்ணைத் திருப்பினால் அதுவும் கூடவே வருகிறது. நுளம்பு பற்றைத் தூக்கிக்கொண்டு ஹோல் முழுக்கத் திரிந்தவர், "இருட்டிலும் மின்னல் வெட்டுற மாதிரி இருக்கு" என்று சொன்ன அன்றுதான் மாமி அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிப்போனார். விழித்திரையில் கிழிசல், ஓரத்தில் கொஞ்சம் கழன்றும் விட்டது என்றார் டொக்டர். வெளிநாட்டில் இருக்கும் மகன் உடனே சென்னைக்கு டிக்கற் போட்டார். போய் ஆறாம் நாள் திரும்பி வர ரிட்டேர்ன். அந்த ரிட்டேர்ன் டிக்கற்றில்தான் பிழை.

முதலில் நுளம்புக்கு வருவோம். கண்ணின் நடுப்பகுதியை நிரப்பியிருப்பது கண்ணாடியுடனீர், ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த அதே சொல். பெயரில் நீர் இருந்தாலும் அது ஒரு ஜெலி. ஏறக்குறைய 4 மில்லிலீற்றர், ஒரு தேக்கரண்டிகூட வராது. அதில் 98 வீதத்துக்கு மேல் தண்ணீர்தான். மிச்சம் கொலாஜன் நார்களும் ஹயலூரோனிக் அமிலமும். வயது போகப் போக இந்த ஜெலி இளகிச் சுருங்கி, பின்னால் ஒட்டியிருக்கும் விழித்திரையை விட்டுக் கழன்று வரும். பெரும்பாலானவர்களுக்கு அது சேதமில்லாமல் நடந்துவிடும். சிலருக்கு மட்டும், தாச்சியில் ஓர் இடத்தில் ஒட்டிப்பிடித்த அப்பத்தை இழுத்தமாதிரி, ஒட்டிய இடத்தில் விழித்திரையும் சேர்ந்து கிழிகிறது. மாமாவுக்கு சின்ன வயதிலிருந்தே மைனஸ் 6 கண்ணாடி. அப்படிப்பட்ட கண்பந்து நீண்டிருக்கும், விழித்திரையும் இழுபட்டு மெலிந்திருக்கும். கிழிய அவ்வளவு போதும்.

விழித்திரைக்கு வலி தெரியாது. அதன் தடிப்பு கால் மில்லிமீற்றர் அளவு. வெளிச்சம் பட்டாலும் சரி, யாராவது பிடித்து இழுத்தாலும் சரி, அது மூளைக்கு அனுப்பும் தகவல் ஒன்றுதான்: வெளிச்சம். அதனால்தான் இருட்டறையிலும் மின்னல். பறக்கும் "நுளம்பு" என்பது ஜெலியில் மிதக்கும் நார்த்துண்டின் நிழல். கிழிசலில் இரத்தக்குழாய் அறுந்திருந்தால் கசியும் இரத்தத்தின் நிழலாகவும் இருக்கலாம்.

கிழிசல் வேறு, கழறல் வேறு. பயணத்தைப் பற்றி யோசிக்க முதலே இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். கிழிசல் மட்டும்தான் என்றால் அதைச் சுற்றி லேசரால் சின்னச் சின்னச் சூடு போடுவார்கள். சுட்ட இடம் வடுவாகி, இரண்டு கிழமையளவில் விழித்திரையைப் பின்சுவரோடு இறுக்கிப் பிடிக்கும். கதிரையில் உட்காரவைத்தே செய்து, அன்றைக்கே வீட்டுக்கு விடுவார்கள். ஜெர்மன் வைத்தியர் மேயர்-ஷ்விக்கராத் இந்த வழியைத் தேடத் தொடங்கியது, 1945 சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்தவர்களின் விழித்திரையில் விழுந்த வடுவைக் கண்டபிறகுதான். முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிப் பாவித்தார். லேசர் பிறகு வந்தது. கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலையிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் இந்த லேசர் இருக்கிறது. இதற்காக கட்டுநாயக்கவுக்கு ஓடுவது என் கணக்கில் வீண்வேலை. விசாவுக்குக் காத்திருக்கும் நாட்களில் கிழிசல் கழறலாகிவிடலாம்.

கழறல் என்பது, மழைக்காலத்தில் சுவர் பெயின்ற் உப்புவதுபோல. கிழிசலுக்குள்ளால் நீர் புகுந்து விழித்திரையைப் பின்சுவரிலிருந்து தூக்கிவிடும். ஒளியை உணரும் கலங்களுக்கு ஒட்சிசனும் சாப்பாடும் அந்தச் சுவரிலிருந்துதான் வருகின்றன. தூக்கிய இடம் பட்டினி கிடக்கும். கூர்மையான பார்வைக்குரிய நடுப்புள்ளி இன்னும் கழறவில்லை என்றால் அவசரம் மிக அதிகம், நாளை எண்ணக்கூடாது. மாமாவுக்கு நடுப்புள்ளி தப்பியிருந்தது. அடுத்த நாளே விமானம் கிடைத்தது அதிர்ஷ்டம்.

சென்னையில் செய்தது விட்ரெக்டமி. அமெரிக்காவில் ரொபர்ட் மாக்கெமர் 1970 அளவில் தொடக்கிவைத்த முறை. வெண்விழியில் அரை மில்லிமீற்றர் அளவில் மூன்று துளை. ஒன்றால் வெளிச்சம், ஒன்றால் தண்ணீர், மற்றதால் ஜெலியை வெட்டி உறிஞ்சும் கருவி. விழித்திரையைப் படியவைத்து, லேசர் சூடு போட்டு, கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்புவார்கள். வாயுக்குமிழி, கிழிசலை உள்ளிருந்து அமர்த்தி மூடிக்கொள்ளும். அதன் பரப்பிழுவிசையைத் தாண்டி நீர் உள்ளே போகமுடியாது. ஏற்கெனவே புகுந்த நீரை விழித்திரைக்குப் பின்னுள்ள கலப்படை தானாகவே உறிஞ்சி எடுத்துவிடும். குமிழி எப்போதும் மேலே போகும் என்பதால், கிழிசல் இருக்கும் இடத்தைப் பார்த்து தலையை எப்படி வைத்திருப்பது என்று சொல்வார்கள். மாமாவுக்குக் கிடைத்தது ஒரு கிழமை குப்புறப்படுக்கை.

என்ன வாயு? சாதாரண காற்று சில நாளில் கரைந்துவிடும். எஸ்.எஃப்.6 என்றால் இரண்டு கிழமை அளவு. மின்சார உபநிலையங்களின் பெரிய ஆளிகளில் அடைப்பதும் இதே வாயுதான். சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டுக் கிழமை. இரண்டின் மூலக்கூறுகளும் பெரியவை, நீரில் இலேசில் கரையாதவை. மாமாவுக்கு வைத்தது சி3எஃப்8.

இனி பௌதிகவியல். போயிலின் விதி: வெப்பநிலை மாறாதபோது, அமுக்கம் குறைந்தால் வாயுவின் கனவளவு கூடும். விமானத்துக்குள் நிலத்து அமுக்கத்தை அப்படியே வைத்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்து மலையில் நிற்கும் அமுக்கம்தான் இருக்கும். 8,000 அடியில் அது கடல் மட்டத்தின் முக்கால் பங்கு. குமிழி மூன்றில் ஒரு பங்கு பெருக்கப் பார்க்கும். 4 மில்லிலீற்றர் குமிழிக்கு இன்னும் ஒரு மில்லிலீற்றருக்கு மேல் இடம் வேண்டும். கண் பலூன் இல்லை, விரியாது. உள்ளமுக்கம் ஏறி, விழித்திரைக்கு இரத்தம் கொண்டுவரும் நாடியை நெரித்துவிடும். கடும் வலி, பிறகு பார்வையே போகலாம். சென்னையிலிருந்து கொழும்பு ஒன்றரை மணித்தியாலத்துக்குள்தானே என்றால், கேபின் அமுக்கம் குறைய அதில் அரை மணித்தியாலமே போதும்.

கொழும்பிலேயே சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். நுவரெலியா 1,868 மீற்றர், 6,100 அடிக்கு மேல். ஏப்ரல் சீசனுக்கு வாகனத்தில் ஏறிப்போவதும் பிளேனில் ஏறுவதும் கண்ணுக்குள் இருக்கும் குமிழிக்கு ஏறக்குறைய ஒன்றே. விமானம் கூடாது என்பது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், ஹட்டன் வழி ஏறும் றோட்டு ஞாபகம் வராது. மயக்க மருந்தாகக் கொடுக்கும் நைட்ரஸ் ஒக்சைட்டும் குமிழிக்குள் புகுந்து அதைப் பெருக்கும். பல்லுக்குப் போனாலும் சொல்ல வேண்டும். கண்ணுக்குள் வாயு இருக்கிறது என்று எழுதிக் கையில் கட்டிவிடும் பட்டியைக் குமிழி கரையும்வரை கழற்றக்கூடாது என்பது இதனால்தான்.

வாயுவுக்குப் பதிலாக சிலிக்கோன் எண்ணெய் வைப்பதும் உண்டு. எண்ணெய் விரியாது, பறக்கலாம். ஆனால் அதை எடுக்க இன்னொரு சத்திரசிகிச்சை, அதாவது இன்னொரு பயணம். ஆகவே டிக்கற் போட முதல் டொக்டரிடம் கேட்க வேண்டியது, "கண்ணுக்குள் எதை வைத்து அனுப்புவீர்கள்?" என்றுதான். மாமா வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஆறாம் நாள் டிக்கற் காசு போனது. தி. நகரில் அறை எடுத்து மாமியும் அவரும் இருந்தார்கள். கப்பலில் வரலாமா என்றும் மாமா விசாரித்தார். நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் கடல் மட்டத்திலேயே வருவதால் போயில் அதில் குறுக்கே வரமாட்டார்தான். ஆனால் அலையில் தலை ஆடும் என்று மாமி விடவில்லை.

தினமும் வட்ஸ்அப்பில் குமிழி அறிக்கை வரும். மேசன்மாரின் நீர்மட்டம்போல கண்ணுக்குள் ஒரு கோடு தெரிகிறதாம், நடந்தால் தளம்புகிறதாம். விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால், கண்ணில் மேலே நிற்கும் குமிழி பார்வையில் கீழேதான் தெரியும். ஆகவே முதலில் தெளிந்தது மேற்பக்கம்: சீலிங் ஃபேன், பிறகு ஜன்னல், பிறகு மாமியின் முகம். கோடு நாளுக்கு நாள் இறங்கி, கடைசியில் அடியில் மிளகளவு உருண்டையாக நின்றது. ஏழாம் கிழமை ஒருநாள் காலை பல் துலக்கும்போது குனிந்து தேடினார், காணவில்லை. டொக்டர் விளக்கடித்துப் பார்த்து, "சரி, பறக்கலாம்" என்றார். புது டிக்கற் போட்டார்கள், ஒருவழி.