கிட்டாரின் வால்யூம் குமிழைப் பத்திலேயே விட்டுவிடாதீர்கள்

"டிரைவ் போட்டால் கார்டே (சேர்த்து மீட்டும் சுரங்கள்) தெரியவில்லை, வெறும் இரைச்சல்தான் வருகிறது. வேறு என்ன பெடல் வாங்கலாம்?" இந்த வாரமும் இதே கேள்வி, இதே காட்சி. பெடல் பலகையில், ஒலியை வேண்டுமென்றே சிதைத்து முரடாக்கும் டிரைவ் பெடல்கள் மூன்று. மூன்றிலும் கெயின் (சிதைப்பின் அளவு) முக்கால்வாசி ஏறியிருக்கிறது. கிட்டாரின் வால்யூம் குமிழ் 10-இல் நிற்கிறது, தொட்டால் கரகரக்கிறது. நான்காவது பெடல் வந்தாலும் இதே இரைச்சல்தான் வரும். தயவுசெய்து முதலில் அந்தக் குமிழைத் திருப்பிப் பாருங்கள்.

கிட்டாரில் இருக்கும் வால்யூம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மட்டும்தான் என்று நம்புகிறார்கள். எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. கிளீனாக, அதாவது டிரைவ் இல்லாமல், வாசிக்கும்போது அது சரி. டிரைவ் போட்ட பிறகு சரியல்ல. டிரைவ் பெடல் சிக்னலின் முகட்டை வெட்டிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போவது குறைந்தால் வெட்டு குறையும், வெளியே வரும் சத்தம் அவ்வளவாக இறங்காது. 10-இலிருந்து 7-க்கு வந்தால் பெரிதும் குறைவது டிஸ்டார்ஷன், அதாவது அந்த ஒலிச் சிதைவுதான். 10-இல் சோலோவுக்கான சஸ்டெயின் (நீண்டு நிற்கும் சுரம்), 7-இல் தந்திகள் பிரிந்து கேட்கும் ரிதம், 4-ஐ ஒட்டி ஏறக்குறைய கிளீன். ஒரே பெடலில், எதையும் மிதிக்காமல், மூன்று டோன். "பெடலின் லெவலைக் குறைத்தால் போதாதா?" என்பார்கள். போதாது. லெவல் குமிழுக்கு வருவதற்குள் பெடல் வெட்டி முடித்துவிடுகிறது. கிட்டார் வால்யூம்தான் வெட்டுக்கு முன்னால் இருக்கிறது.

எனவே டோன் அமைக்கும்போதே கிட்டாரை 7-இல் வையுங்கள். கெயினை அடியிலிருந்து மெல்ல ஏற்றி, கார்டில் ஒவ்வொரு தந்தியும் தனியாகக் கேட்கிற எல்லையில் நிறுத்துங்கள். மீதி 3 சோலோவுக்கு.

"குறைத்தால் ஒலி மங்குகிறதே" என்ற புகார் மட்டும் நியாயமானது. கேபிளின் கெபாசிட்டன்ஸ், பல கேபிள்களில் மீட்டருக்கு சுமார் 100 பிக்கோஃபாரட், வால்யூம் பாட்டோடு (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) சேர்ந்து ட்ரெபிளை, அதாவது உயர் அலைவரிசை ஒலியை, தின்கிறது. முதலில் நீளம் குறைந்த கேபிள் போட்டுப் பாருங்கள். போதவில்லை என்றால் பாட்டின் உள்வரும் காலுக்கும் நடுக்காலுக்கும் இடையே 1000 பிக்கோஃபாரட் கெபாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாகச் சால்டர் செய்யலாம். குறைக்கும்போது ஒலி மெலிந்து கிறீச்சிட்டால் கெபாசிட்டரை 680-க்கு இறக்குங்கள். கிட்டாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் சுருள்) சிங்கிள் காயில் வகையென்றால் 250 கிலோ ஓம், ஹம்பக்கர் எனும் இரட்டைச் சுருள் வகையென்றால் 500 என்பது வழக்கமான பாட் அளவு.

ஃபஸ் (இன்னும் முரடாகச் சிதைக்கும் பெடல்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகை ஜெர்மேனியம் பெடல்களைக் கிட்டாரை அடுத்து நேரடியாக மாட்டுங்கள். நடுவில் பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் சுற்று) உள்ள டியூனர் இருந்தால் கிட்டார் வால்யூமைக் குறைத்தாலும் ஃபஸ் கிளீனாகாது. பெடல் கெட்டுவிட்டது என்று விற்றுவிடாதீர்கள், வரிசையை மாற்றினால் போதும். அவற்றில் பல பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது சப்ளையின் பாசிட்டிவ் முனையே கிரவுண்டோடு இணைந்தவை. மற்றப் பெடல்களோடு ஒரே டெய்சி செயினில் (ஒரு அடாப்டரிலிருந்து பல பெடல்களுக்குப் பிரியும் கம்பி) சேர்க்கவே கூடாது, சப்ளை ஷார்ட் ஆகும்.

வால்யூம் பெடலையும் இடம் தெரியாமல் மாட்டுகிறார்கள். டிரைவுக்கு முன்னால் வைத்தால் அது கிட்டார் வால்யூம் போலவே டிஸ்டார்ஷனைக் குறைக்கும். பின்னால் வைத்தால் சத்தத்தை மட்டும். டிலேக்கு (எதிரொலி தரும் பெடல்) முன்னால் இருந்தால் மூடிய பிறகும் எதிரொலி தானாகத் தேய்ந்து அடங்கும், பின்னால் இருந்தால் அதுவும் சேர்ந்து அறுந்துபோகும். 250 கிலோ ஓம் பெடல் கிட்டாரை அடுத்து வரலாம். 25 கிலோ ஓம் பெடல் பஃபருக்குப் பிறகுதான். அதைக் கிட்டாரில் நேராகச் செருகினால் முழுக்க மிதித்திருந்தாலும் ஒலி மங்கலாகவே இருக்கும்.

அடாப்டர் செருகுமுன் பெடலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: எத்தனை வோல்ட், நடுமுனை நெகட்டிவா, எத்தனை மில்லியாம்பியர். 9 வோல்ட் பெடலில் 18 வோல்ட் செருகிப் பார்ப்பது பரிசோதனையல்ல, பெடலைக் கொல்வது.

கரகரப்புக்கு வருவோம். பாட்டின் இடுக்கில் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது முறை முழுதாகத் திருப்புங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். ஒரு பெடல் ஆனில் இருக்கும்போது மட்டும் கரகரத்தால், அந்தப் பெடலின் உள்ளீட்டுக் கெபாசிட்டர் கசிந்து டிசி மின்னோட்டம் கிட்டாருக்குள் வருகிறது என்று சந்தேகியுங்கள். அப்போது மாற்ற வேண்டியது அந்தக் கெபாசிட்டரை, கிட்டாரின் பாட்டை அல்ல.