நிற்க இடமில்லை, நின்றால் குற்றம்

"எங்கள் தெருமுனையில் இருக்கிற வயலை டிராவலர்கள் வாங்கிவிட்டார்கள். கவுன்சிலுக்கு ஆட்சேபணைக் கடிதம் எழுத வேண்டும், கொஞ்சம் பார்த்துத் தருகிறீர்களா?" எசெக்ஸ், கென்ட் பக்கம் வீடு வாங்கிக் குடியேறிய தமிழ் நண்பர்கள் என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. இங்கிலாந்தில் குடியிருப்பு, நிலத்திட்ட வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் என்பதால் கேட்கிறார்கள். நான் வழக்கு நடத்துவது பெரும்பாலும் அந்த வயலை வாங்கிய குடும்பங்களுக்காக என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. தெரிந்ததும் சங்கடப்படுகிறார்கள். சங்கடம் எதற்கு? கையெழுத்துப் போடும் முன் இந்த மக்கள் யார், சட்டம் அவர்களை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

கேரவன் எனும் வண்டி வீடுகளில் ஊர் ஊராகச் சென்று வாழும் மரபினரை இங்கே டிராவலர்கள் என்பார்கள். அவர்கள் ஒரே கூட்டத்தார் அல்லர். ரோமானி ஜிப்சிகளின் முன்னோர் வட இந்தியாவிலிருந்து கிளம்பி, நாடு நாடாகக் கடந்து, பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனுக்கு வந்தவர்கள். வந்து சில பத்தாண்டுகள்கூட ஆகவில்லை, 1530இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றச் சட்டம் போட்டது. 1554இல் போகாதவர்களுக்கு மரண தண்டனை என்றானது. ஐரிஷ் டிராவலர்கள் வேறு மக்கள். பஞ்சத்தில் நிலமிழந்து தெருவுக்கு வந்த ஐரிஷ் விவசாயிகள் என்றுதான் நெடுங்காலம் அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டது. 2017இல் வெளியான மரபணு ஆய்வோ, அவர்கள் ஏறத்தாழ 360 ஆண்டுகளுக்கு முன்பே, அதாவது 1840களின் அயர்லாந்துப் பெரும் பஞ்சத்துக்கு வெகு முன்னதாகவே, தனிக் குழுவாகப் பிரிந்துவிட்டவர்கள் என்று காட்டியது. அதே ஆண்டு மார்ச் 1 அன்று அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் எழுந்து, டிராவலர்கள் தனி இனக்குழு என்று அரசின் சார்பில் அறிவித்தார். இங்கிலாந்தில் அந்த அங்கீகாரம் நீதிமன்றத்தின் வழியே வந்தது. கிழக்கு லண்டனில் ஒரு மதுக்கடை வாசலில் "டிராவலர்களுக்கு அனுமதியில்லை" என்று பலகை தொங்கியது. அதன்மேல் நடந்த வழக்கில்தான் ரோமானி ஜிப்சிகள் இனப்பாகுபாட்டுச் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர்கள் என்று 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஐரிஷ் டிராவலர்களுக்கு அது 2000இல் கிடைத்தது.

இவர்களுடைய வாழ்க்கையை நம் ஆட்களுக்கு விளக்குவது எனக்கு எளிது. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு விளக்குவதுதான் கடினம். ஒரு கேரவனுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது சுத்தம். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில் கிரவுன் டெர்பி பீங்கான் தட்டுகள் பளபளக்கும். பாத்திரம் கழுவ ஒரு பேசின், துணி துவைக்க வேறு பேசின், கைகால் கழுவ மற்றொன்று. மாற்றிப் பயன்படுத்தினால் பாட்டி அதைத் தூக்கி வெளியே எறிந்துவிடுவார். சமைக்கும் கூரையின் கீழ் கழிப்பறை இருக்கக் கூடாது என்பது பழைய தலைமுறையின் உறுதியான வழக்கம். எச்சில், தீட்டு பார்க்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றுமில்லை. ஆனால் நிலத்தைப் பயன்படுத்த உள்ளாட்சியான கவுன்சிலிடம் கேட்கும் திட்ட அனுமதி விண்ணப்பத்தில் ஒவ்வொரு கேரவனுக்குப் பக்கத்திலும் கழிப்பறையும் குளியலறையும் கொண்ட சிறு செங்கல் கட்டடம் வேண்டும் என்று எழுதினால், "கேரவனிலேயே கழிப்பறை இருக்கிறதே, இது எதற்கு?" என்று அதிகாரி கேட்பார். நான் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதியிருக்கிறேன்.

ஜூன் தொடக்கத்தில் கம்ப்ரியாவின் ஆப்பிள்பி ஊரில் குதிரைச் சந்தை கூடும். பையன்கள் குதிரைகளை ஈடன் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டுவார்கள். சொந்தபந்தம் கூடுவதும், வரன் பார்ப்பதும், தொழில் பேசுவதும் அங்கேதான். வீட்டில் வசிப்பவர்களும் தவறாமல் வருவார்கள். 2011 கணக்கெடுப்பில் ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் என்று பதிந்துகொண்டவர்களில் கேரவனில் இருந்தவர்கள் நான்கில் ஒரு பங்குதான். மற்றவர்கள் வீடுகளிலும் அடுக்ககங்களிலும் இருந்தார்கள். விரும்பிப் போனவர்கள் உண்டு. நிறுத்த இடமின்றிப் போனவர்களை நான் அதிகம் பார்க்கிறேன். சுவருக்குள் அடைபட்டு, சுற்றத்தாரைப் பிரிந்து, மனம் நொடிந்த பெண்களின் மருத்துவ அறிக்கைகள் என் கோப்புகளில் நிறைய இருக்கின்றன.

இனி சட்டத்துக்கு வருகிறேன். வழிவழியாக அவர்கள் தங்கிவந்த ஊர்ப் பொதுநிலங்களை மூடிவிட 1960ஆம் ஆண்டுச் சட்டம் கவுன்சில்களுக்கு அதிகாரம் தந்தது. இதனால் உண்டான அவதியைப் பார்த்துத்தான் 1968இல் கேரவன் இடங்கள் சட்டம் வந்தது. இடம் அமைத்துத் தருவது உள்ளாட்சிகளின் கடமையாயிற்று. அரைகுறையாகத்தான் நிறைவேறியது என்றாலும் கடமை என்று ஒன்று இருந்தது. 1994இல் கொண்டுவந்த குற்றவியல் நீதிச் சட்டம் அந்தக் கடமையை நீக்கியது. அதே சட்டம், சாலையோரம் நிற்பவர்களை அப்புறப்படுத்தும் அதிகாரத்தைக் கூட்டியது. "சொந்தமாக நிலம் வாங்கி அனுமதி கேளுங்கள்" என்பது அன்றைய அரசின் அறிவுரை.

வாங்கினார்கள். கையிலிருந்த காசுக்குக் கிடைத்தது யாரும் சீந்தாத ஓரத்து நிலம், பல சமயம் கட்டுமானம் தடைசெய்யப்பட்ட பசுமை வளையத்துக்குள். அனுமதி மறுக்கப்பட்டது. எசெக்ஸில் பேசில்டன் அருகே இருந்த டேல் ஃபார்ம் குடியிருப்பு இதற்குப் பேர்போன உதாரணம். அடுத்தடுத்த நிலங்களில் ஒரு பகுதிக்கு அனுமதி இருந்தது, பழைய இரும்புக் கடையாக இருந்த மறுபகுதிக்கு இல்லை. பத்தாண்டு வழக்குகளுக்குப் பிறகு 2011 அக்டோபர் 19 அன்று கலவரத் தடுப்புப் போலீசார் உள்ளே நுழைந்தார்கள். சுமார் 80 குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பல லட்சம் பவுண்டு பொதுப் பணம் செலவானது. வெளியேறியவர்களில் பலர் அதே நிலத்துக்குப் போகும் பாதையோரம் கேரவனை நிறுத்திக் குடியிருந்தார்கள். வேறு எங்கே போவது?

2015இல் அடுத்த அடி விழுந்தது. பயணத்தை நிரந்தரமாக நிறுத்திவிட்டவர் திட்டக் கொள்கையின்படி டிராவலரே அல்லர் என்று அரசு வரையறையை மாற்றியது. முதுமையால், பக்கவாதத்தால், ஊனமுற்ற பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் பயணத்தை விட்டவர்கள் எல்லாரும் கணக்கிலிருந்து விழுந்தார்கள். கணக்கிலிருந்து விழுந்தால் தேவையும் குறைந்துவிடும், கவுன்சிலும் இடம் ஒதுக்க வேண்டாம். இது முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் எதிரான பாகுபாடு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 அக்டோபரில் சொல்ல ஏழு ஆண்டுகள் ஆயின. 2023 டிசம்பரில் பழைய வரையறை திரும்பியது. 2024 டிசம்பரில் கேரவனில் வாழும் மரபைக் கொண்டவர்களையும் சேர்த்து அதை விரிவாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அனுமதி மறுக்கப்பட்டுச் சிதறிய குடும்பங்களுக்கு எந்த நீதிமன்றமும் அந்த ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது.

சாலையோரம் நிற்பவர்களின் நிலை இதைவிட மோசம். 2022ஆம் ஆண்டுக் காவல் துறை, குற்றத் தண்டனைச் சட்டம், அனுமதியின்றி வாகனத்தோடு தங்குவதைச் சில நிபந்தனைகளின்கீழ் கிரிமினல் குற்றமாக்கியது. கணிசமான சேதமோ இடையூறோ மனவேதனையோ ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது ஏற்பட வாய்ப்பிருக்க வேண்டும். போகச் சொல்லியும் போகாதிருக்க வேண்டும். தண்டனை மூன்று மாதம் வரை சிறை, 2,500 பவுண்டு வரை அபராதம். கேரவனைப் போலீசார் பறிமுதல் செய்யலாம். அந்தக் கேரவன்தான் வீடு. பிள்ளைகளின் படுக்கையும் பாட்டியின் மாத்திரைகளும் அதற்குள்தான் இருக்கின்றன. விரட்டப்பட்ட இடத்துக்குத் திரும்பி வரக் கூடாத காலத்தையும் மூன்று மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக நீட்டினார்கள். தற்காலிகமாகத் தங்க முறையான இடங்களே போதாத நாட்டில் இந்த நீட்டிப்பு மனித உரிமைச் சட்டத்தோடு பொருந்தாது என்று 2024 மே மாதம் உயர் நீதிமன்றம் அறிவித்தது. நம் ஊரில் நீதிமன்றம் சட்டப் பிரிவையே ரத்துசெய்வதுபோல் இங்கே நடக்காது. பொருந்தாது என்ற அறிவிப்பு மட்டுமே. மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்.

எனக்குப் பிடித்த தீர்ப்பு 1995இல் வந்தது. வெளியேற்ற உத்தரவு போடும் முன், அங்கே கர்ப்பிணி இருக்கிறாரா, நோயாளி இருக்கிறாரா, பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கவுன்சில் விசாரித்தாக வேண்டும், அது சாதாரண மனிதாபிமானம் என்றார் நீதிபதி செட்லி. இன்றும் என் வேலையில் பாதி இந்த ஒரு கடமையைச் சுற்றித்தான் நடக்கிறது. விசாரணைப் படிவத்தோடு ஓர் அலுவலர் வருவார். கொட்டும் மழையில், ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டர் சத்தத்தில், வாசற்படியில் நின்றபடியே கேள்விகளைப் படிப்பார். எழுதப் படிக்கத் தெரியாத தாய், பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் எல்லாக் கேள்விக்கும் "ஒரு குறையும் இல்லை" என்பார். படிவத்தில் "நலத் தேவை ஏதுமில்லை" என்று ஏறிவிடும். அப்படிச் சொன்ன ஒரு தாய் நிறைமாதமாக இருந்ததும், மருத்துவமனைத் தேதி பழைய நிறுத்துமிடத்துக்குத் தபாலில் போய்த் தொலைந்ததும், நாங்கள் போய் உட்கார்ந்து தேநீர் குடித்துப் பேசிய பிறகே தெரியவந்தது.

முகவரி இல்லாததால் உயிரே போகிறது. அயர்லாந்தில் 2010இல் வெளியான டிராவலர் உடல்நல ஆய்வின்படி அங்கே டிராவலர் ஆண்கள் மற்ற ஆண்களைவிட 15 ஆண்டுகள் முன்னதாகவும், பெண்கள் 11 ஆண்டுகளுக்கு மேல் முன்னதாகவும் இறக்கிறார்கள். 2015 அக்டோபரில் டப்ளின் கேரிக்மைன்ஸில் ஒரு தற்காலிகக் குடியிருப்பு தீப்பற்றி, ஐந்து குழந்தைகள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்களுக்கு ஒதுக்கிய இடத்தின் வழியை அக்கம்பக்கத்தார் மறித்து நின்றார்கள். அப்போது அந்தப் பத்து உடல்களும் அடக்கம்கூட ஆகியிருக்கவில்லை. நான் அதை மறக்க மாட்டேன்.

ஆட்சேபணைக் கடிதம் பற்றிக் கேட்டவர்களுக்கு: எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. சாலைப் பாதுகாப்பு, வெள்ள அபாயம், வடிகால், பசுமை வளையத்துக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றைக் கவுன்சில் பரிசீலிக்கும். "இவர்கள் வந்தால் திருட்டு வரும்", "வீட்டு விலை விழும்" என்பவை எடுபடா. இனத்தைக் குறித்த வசைகளைக் கவுன்சில்கள் வெளியிடாமல் ஒதுக்கிவிடவும் செய்கின்றன. முன்பு இந்தத் தெருக்களில் நமக்கு வீடு தர மறுத்தவர்கள் என்ன வாசகங்கள் பயன்படுத்தினார்கள் என்பது மூத்த தலைமுறைத் தமிழர்களுக்கு நினைவிருக்கும்.

பூங்காவிலோ கார் நிறுத்துமிடத்திலோ கேரவன்கள் வந்து நின்றால், முதலில் கவுன்சிலிடம் குப்பைத் தொட்டியும் தற்காலிகக் கழிப்பறையும் வைக்கச் சொல்லுங்கள். லீட்ஸ் நகரில் இதை ஒரு முறையாகவே நடத்துகிறார்கள். எவ்வளவு நாள் தங்குவது, குப்பையை எப்படி அகற்றுவது, எங்கே தீ மூட்டக் கூடாது என்று இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்கின்றன, கவுன்சில் வசதி செய்து தருகிறது. தொடர்ந்து விரட்டுவதைவிட இதில் செலவு குறைவு. வேல்ஸ் 2014இல் தன் வீட்டுவசதிச் சட்டத்தின் மூலம் இடம் அமைக்கும் கடமையைக் கவுன்சில்கள்மேல் மறுபடி சுமத்தியது. இங்கிலாந்தில் 1994இல் நீக்கிய கடமையை இன்னும் திருப்பிக் கொண்டுவரவில்லை. உங்கள் தொகுதி எம்.பி.க்கு ஆட்சேபணைக் கடிதம் எழுதுவதானால் அதைப் பற்றி எழுதுங்கள். வரைவை நான் இலவசமாகப் பார்த்துத் தருகிறேன்.