படம் கறுத்துப் போகவில்லை

வெள்ளிக்கிழமை மாலை நுண்ணோக்கி அறையில் எடுத்த படங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு சுங்கை பட்டாணியில் இருக்கும் வீட்டுக்குப் போனாள் அந்த மாணவி. திங்கள் காலை நான் அறையைத் திறக்க வந்தபோது வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, எல்லாப் படமும் கறுத்துப் போய்விட்டது. மூன்று வார வேலை."

வீட்டு மடிக்கணினியில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்திருக்கிறாள். நாற்பது கோப்புகள். நாற்பதிலும் கறுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பென்டிரைவில் வைரஸ் ஏறியிருக்கும், எல்லாவற்றையும் அழித்துவிடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, அவள் அழிக்கவில்லை. அதே பென்டிரைவை வாங்கி, அறையில் இருக்கும் கணினியில் செருகி, இமேஜ்ஜே என்ற மென்பொருளில் முதல் கோப்பைத் திறந்தேன். செல்களின் உட்கருக்கள் ஒவ்வொன்றும் தெளிவாக வந்து நின்றன. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

பினாங்கில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் நுண்ணோக்கி அறையைப் பல ஆண்டுகளாகக் கவனித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் யாராவது ஒருவர் இப்படிக் கலங்கிப்போய் வருகிறார். அறையில் அழகாகத் தெரிந்த படம் வீட்டில் கறுக்கிறது. வீட்டில் பச்சையாக இருந்தது மேற்பார்வையாளரின் கணினியில் சாம்பல் நிறமாகிறது. ஒரு மென்பொருளில் மூன்று நிறம், இன்னொன்றில் ஒன்றே ஒன்று. கோப்பு ஒன்றுதான், அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிறகு ஏன் இப்படி?

நுண்ணோக்கிக் கோப்புக்குள் இருப்பவை எண்கள். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஓர் எண்: அந்த இடத்தில் கேமராவுக்கு எவ்வளவு ஒளி வந்தது என்ற கணக்கு. அந்த எண்ணுக்குத் திரையில் எந்த வெளிச்சம், எந்த நிறம் என்பதைத் தீர்மானிப்பது கோப்பைத் திறக்கும் மென்பொருள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் சேலை வாங்கப் போகும் அம்மாக்கள், கடைக்குள் பிடித்துப்போன சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு முறை விரித்துப் பார்ப்பார்கள். நூல் மாறவில்லை, சாயம் மாறவில்லை, மேலே விழுகிற வெளிச்சம்தான் வேறு என்று அவர்களுக்குத் தெரியும். நுண்ணோக்கிப் படத்தைத் திறப்பவர்களுக்கும் அந்தத் தெளிவு வேண்டும்.

அவளை அருகில் உட்காரவைத்து, சுட்டியைப் படத்தின் மேல் நகர்த்தச் சொன்னேன். இமேஜ்ஜேயில் சுட்டி நிற்கும் புள்ளியின் எண் மேலே சிறிய எழுத்தில் ஓடும். செல் இல்லாத வெற்றிடத்தில் 104 என்று காட்டியது. இருட்டிலும் பூஜ்ஜியம் வராது, ஏனென்றால் இத்தகைய கேமராக்கள் அடிப்படையாக ஒரு சிறிய எண்ணைச் சேர்த்தே தருகின்றன. உட்கருவின் ஓரத்தில் 480, நடுவில் 900. படத்திலேயே மிகப் பிரகாசமான புள்ளியில் 1187.

இனி கணக்கைப் பாருங்கள். கைப்பேசியில் எடுக்கும் சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். எங்கள் கேமரா 12 பிட். 0 முதல் 4095 வரை எண்ணும். ஆனால் கணினி தகவலை 8, 16 என்று பைட் கணக்கில்தான் அடுக்கிவைக்கும்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 12 பிட் எண்கள் 16 பிட் பெட்டிக்குள் போய் உட்காருகின்றன. அந்தப் பெட்டியின் கொள்ளளவு 65535.

வீட்டு மடிக்கணினியில் இருந்த படம் காட்டும் செயலிக்கு இந்தக் கதை தெரியாது. 16 பிட் கோப்பு என்றால் 0 கறுப்பு, 65535 வெள்ளை என்று நேராகப் பொருத்திவிட்டது. அந்தக் கணக்கில் 1187 என்ற எண், திரையின் 255 படிகளில் ஐந்தாம் படியைக்கூட எட்டாது. கண்ணுக்கு அது கறுப்பேதான். இமேஜ்ஜே வேறு வழியில் போனது: படத்தில் இருக்கும் மிகச் சிறிய எண்ணைக் கறுப்பு என்றும் மிகப் பெரிய எண்ணை வெள்ளை என்றும் வைத்துக்கொண்டு, இடைப்பட்டவற்றைச் சீராகப் பரப்பியது. இரண்டு மென்பொருள்களும் பழுதில்லாமல்தான் வேலை செய்தன.

நிறமும் இப்படித்தான் வந்து ஒட்டுகிறது. ஒளிர்வு நுண்ணோக்கியில் பொருத்தப்படும் கேமரா பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கேமரா. உட்கருவில் ஒட்டும் டாபி சாயம் நீலமாக ஒளிர்வது உண்மை. ஆனால் முன்னால் உள்ள வடிகட்டி அந்த நீல ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. கேமரா அதன் அளவை மட்டும் எண்ணுகிறது. அடுத்து வடிகட்டியை மாற்றிப் பச்சை, பிறகு சிவப்பு. ஒவ்வொரு முறையும் கிடைப்பது ஒரு சாம்பல் நிறப் படம். அதற்கு நீலம் பூசு, இதற்குப் பச்சை பூசு என்று சொல்வது கோப்போடு சேர்ந்து வரும் குறிப்பும் மென்பொருளில் உள்ள நிற அட்டவணையும். குறிப்பைப் படிக்கத் தெரியாத மென்பொருள் சாம்பல் நிறத்தையே காட்டும், அல்லது தானாக ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும். புத்தகங்களில் வரும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் வைரஸ்கள் ஊதாவாகவும் ஆரஞ்சாகவும் மின்னுவதும் பின்னால் பூசிய நிறம்தான். அங்கே மாதிரியின் மேல் விழுவது ஒளியே இல்லை, எலெக்ட்ரான்.

அவளுடைய கோப்புகளில் இன்னொரு விஷயமும் இருந்தது. அவை டிஃப் கோப்புகள். டிஃப் ஒரு புத்தகம் மாதிரி. ஒரே கோப்புக்குள் பல பக்கங்கள் இருக்கலாம். முதல் பக்கத்தில் உட்கரு, இரண்டாம் பக்கத்தில் அவள் தேடிய புரதம். பல சாதாரணச் செயலிகள் முதல் பக்கத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மேலிருந்து கீழாக 40 அடுக்குகள், ஒவ்வோர் அடுக்குக்கும் மூன்று நிறம் என்று எடுத்தால் 120 பக்கங்கள் ஆகிவிடும். அதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றவை தொலைந்தன என்று அழுதவர்களை நான் தேற்றியிருக்கிறேன்.

டிஃப் 1986-இல் ஆல்டஸ் நிறுவனம் உருவாக்கிய வடிவம். அச்சுத் தொழிலுக்காகவும் ஸ்கேனர்களுக்காகவும் பிறந்தது. நுண்ணோக்கி ஆட்கள் பின்னால் எடுத்துக்கொண்டார்கள். அதன் முதல் இரண்டு எழுத்துகள் ஐஐ என்றோ எம்எம் என்றோ இருக்கும். இன்டெல் முறை, மோட்டரோலா முறை என்பதன் அடையாளம் அது. 255-க்கு மேற்பட்ட எண்ணை எழுத இரண்டு பைட் வேண்டும். அவற்றில் பெரியதை முன்னால் எழுதுவதா, சிறியதை முன்னால் எழுதுவதா என்பதில் இரண்டு மரபுகள் உண்டு. தமிழில் இருபத்தொன்று என்கிறோம், ஜெர்மானியர் ஒன்றும் இருபதும் என்கிறார்கள், அதைப் போல. மென்பொருள் இதைத் தவறாக எடுத்துக்கொண்டால் 255 என்ற எண் 65280 ஆகிவிடும், அடுத்த எண்ணான 256 வெறும் 1 ஆகிவிடும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்று கண்ணைப் பறிக்கும், ஒன்று இருண்டு கிடக்கும். படம் முழுவதும் மணல் இறைத்தது போலத் தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

இவையெல்லாம் கண்ணை மிரட்டும் கோளாறுகள். பார்த்தவுடன் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும், வந்து கேட்டுவிடுவார்கள். நான் அஞ்சுவது அழகாகத் தெரியும் படத்தைப் பார்த்துத்தான்.

அந்த மாணவியின் ஆய்வு எளிமையானது. ஒரு தட்டில் மருந்து கொடுத்த செல்கள், இன்னொரு தட்டில் கொடுக்காத செல்கள். மருந்தால் அந்தப் புரதம் கூடுகிறதா என்பது கேள்வி. இரண்டு தட்டுகளின் படங்களையும் இமேஜ்ஜேயில் பக்கம் பக்கமாகத் திறந்தோம். இரண்டும் ஒரே மாதிரி பளிச்சென்று இருந்தன. "வித்தியாசமே இல்லையே, அக்கா" என்றாள்.

சுட்டியை நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். மருந்து கொடுக்காத செல்களில் மிகப் பிரகாசமான புள்ளி 620. மருந்து கொடுத்தவற்றில் 3560. இருட்டின் 100-ஐ இரண்டிலும் கழித்தால் ஆறு மடங்குக்கும் மேல். அவள் தேடிய பதில் எண்களில் இருந்தது. திரை அதை மறைத்தது. ஒவ்வொரு படத்துக்கும் அதனதன் உச்சத்தையே வெள்ளை என்று வைத்ததால், 620-உம் வெள்ளை, 3560-உம் வெள்ளை. மெழுகுவத்தியையும் தெருவிளக்கையும் தனித்தனியாகப் படம் பிடித்து ஒரே அளவு பிரகாசமாகக் காட்டினால் எது எது என்று யாருக்குத் தெரியும்?

இதுவரை பாதகம் இல்லை. காட்சிதான் மாறியது, எண்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்த அடியில்தான் எண்களே போய்விடுகின்றன. ஸ்லைடில் ஒட்டுவதற்காக 16 பிட் படத்தை 8 பிட்டாக மாற்றுகிறோம். அப்போது இமேஜ்ஜே அந்த நேரத்தில் திரையில் எந்த வரம்பு இருக்கிறதோ அதையே எடுத்துக்கொண்டு புதிய எண்களை எழுதும். 620-உம் 255 ஆகும், 3560-உம் 255 ஆகும். மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. பிறகு எவ்வளவு கவனமாக அளந்தாலும் மருந்து வேலை செய்யவில்லை என்றுதான் முடிவு வரும். ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒருவருடைய பதில் ஒரு சொடுக்கில் அழிவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும். பிரகாசத்தை மாற்றும் சாளரத்தில் உள்ள 'அப்ளை' பொத்தானும் இதையே செய்யும். 'ஆட்டோ' பொத்தான் காட்சியை மட்டும் மாற்றும். 'அப்ளை' எண்களைத் திருத்தி எழுதும். ஒரே சாளரத்தில் இருக்கும் இந்த இரண்டு பொத்தான்களின் வேறுபாட்டை முதல் நாளே சொல்லிக்கொடுக்காமல் யாரையும் நான் நாற்காலியில் உட்காரவிடுவதில்லை.

ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி என்ற ஆய்விதழ் 2002 முதல், ஏற்றுக்கொண்ட கட்டுரைகளின் படங்களைத் தனியாகச் சோதித்துத்தான் வெளியிடுகிறது. பிரகாசத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் படம் முழுவதற்கும் ஒரே அளவில் செய்ய வேண்டும், ஒப்பிடும் படத்துக்கும் அதையே செய்ய வேண்டும் என்பது இன்று இத்துறையில் பொது நெறி.

அளவும் இப்படித் தொலையும். எங்கள் நுண்ணோக்கியில் ஒரு குறிப்பிட்ட வில்லையில் ஒரு படப்புள்ளி 0.1 மைக்ரோமீட்டர். 10 மைக்ரோமீட்டர் அகல உட்கரு 100 புள்ளிகளில் அடங்கும். இந்தத் தகவல் கோப்பின் குறிப்புகளில் இருக்கிறது. வேறொரு மென்பொருள் வழியாகப் போய் வரும்போது குறிப்பு உதிர்ந்து, அச்சுத் தொழில் பழக்கத்தில் அங்குலத்துக்கு 72 புள்ளி என்ற எண் ஒட்டிக்கொண்டால், அதே உட்கரு 35 மில்லிமீட்டர் ஆகிவிடும். பெரிய நெல்லிக்காய் அளவில் ஓர் உட்கரு! இது சிரித்துவிட்டுத் திருத்தக்கூடியது. 40 மடங்கு வில்லையின் அளவு 63 மடங்கு வில்லையில் எடுத்த படத்தில் ஒட்டிக்கொண்டால் எண் நம்பும்படியாகவே இருக்கும், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இவ்வளவு குழப்பத்துக்கும் ஒரு பெரிய காரணம், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கோப்பு வடிவம் வைத்திருப்பது. ஸைஸ் நுண்ணோக்கி சிஇசட்ஐ தரும், லைக்கா எல்ஐஎஃப் தரும், நிகான் என்டி2 தரும். ஒன்றின் குறிப்பை மற்றொன்று படிக்காது. இதைத் தீர்க்க ஓஎம்இ என்ற கூட்டமைப்பைச் சேர்ந்தவர்கள் பயோஃபார்மட்ஸ் என்ற மென்பொருள் நூலகத்தை எழுதி, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறார்கள். 150-க்கும் மேற்பட்ட வடிவங்களை அது படிக்கிறது. நிற எண்ணிக்கை, அடுக்கு எண்ணிக்கை, ஒரு புள்ளியின் அளவு எல்லாவற்றையும் பொதுவான முறையில் எடுத்துத் தருகிறது. இமேஜ்ஜேயின் விரிவான வடிவமான ஃபிஜியில் அது சேர்ந்தே வருகிறது. அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகத்தில் வேன் ராஸ்பேண்ட் எழுதத் தொடங்கிய இமேஜ்ஜேயும் இலவசம்தான். பணம் இல்லாத ஆய்வுக்கூடத்திலும் ஒரு மாணவி தன் படத்தின் எண்களை நேராகப் பார்க்க முடிகிறதென்றால் அது இவர்கள் கொடுத்த கொடை. நான் இதை நன்றியோடு சொல்கிறேன்.

அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். முதல் வேலையாக மூலக் கோப்புகளை வேறொரு வட்டில் நகல் எடுத்து, யாரும் திருத்த முடியாதபடி பூட்டிவைத்தோம். வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதே என்றேன். அங்கே படம் ஜேபெக்காகச் சுருங்கும். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்துத் தோராயமாக்கும் முறை அது, நுண்விவரம் அதில் தங்காது. பிறகு பிரகாசச் சாளரத்தில் 'செட்' பொத்தானை அழுத்தி, கறுப்பு 100, வெள்ளை 3560 என்று கையால் எழுதி, திறந்திருந்த எல்லாப் படங்களுக்கும் அதையே பொருந்தச் செய்தோம்.

மருந்து கொடுத்த செல்கள் பச்சையில் ஒளிர்ந்தன. மருந்து கொடுக்காதவற்றின் உச்சப் புள்ளி, 255 படிகளில் 38-ஆம் படிக்கு இறங்கியது. செல்களின் உருவம் மட்டும் நிழல் போலத் தெரிந்தது.

"இந்தப் பக்கம் ரொம்ப மங்கலாக இருக்கிறதே, அக்கா. மேற்பார்வையாளர் கேட்டால்?"

படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதச் சொன்னேன். அவள் தட்டச்சு செய்தாள்: இரண்டு படங்களும் ஒரே வரம்பில் காட்டப்பட்டுள்ளன, 100 முதல் 3560 வரை.