உங்கள் பென்ஷன் ஃபைல் தூங்கவில்லை, திரும்பி வந்துவிட்டது

போன வாரம் பந்தலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். விடியும் முன்பே கிளம்பி, கூடலூரில் ஒரு பஸ், ஊட்டியில் இன்னொரு பஸ் மாறி, குன்னூரில் என் அலுவலகத்துக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டாகிவிட்டது. கையில் ஒரு மஞ்சள் பை; அதற்குள் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காகிதக் கட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “ஐயா, என் ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். யாரைப் பார்க்க வேண்டுமோ பார்த்துவிடுகிறேன்” என்றார்.

அவருடைய கணவர் தேயிலை எஸ்டேட்டில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். கவாத்து வெட்டுவதிலிருந்து மருந்தடிப்பது வரை எல்லாம் பார்த்தவர். மாரடைப்பில் இறந்து பத்தொன்பது மாதம் ஆகிறது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து வரும் விதவை பென்ஷனுக்கு இதுவரை மூன்று முறை மனுப் போட்டிருக்கிறார். மூன்றும் ஓர் ஏஜெண்டு மூலமாக, ஒவ்வொரு முறைக்கும் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்து.

கட்டைப் பிரித்தேன். அதில் வருங்கால வைப்பு நிதி அலுவலகத்திலிருந்து வந்த மூன்று கடிதங்கள் இருந்தன. மூன்றும் ஆங்கிலத்தில். மூன்றிலும் ஒரே காரணம்: உறுப்பினர் இறந்ததாக எஸ்டேட் பதிவு செய்யவில்லை, வேலையை விட்டு நின்றுவிட்டதாகப் பதிவு செய்திருக்கிறது, திருத்தி அனுப்பவும். ஒன்றேகால் வருடமாகத் தன் கேள்விக்கான பதிலைத் தன் பையிலேயே அவர் சுமந்துகொண்டிருந்தார். “இது மனு வாங்கிக்கொண்டதற்கான ரசீது என்று அந்தத் தம்பி சொன்னார்” என்றார்.

இந்த மாதம் இப்படி வந்தவர்களில் அவர் நான்காவது ஆள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருபது வருடத்துக்கு மேல் எஸ்டேட் ஆபீசில் செக்ரோலும் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) சம்பளக் கணக்கும் எழுதியவன். அதன் பிறகு இத்தனை வருடமாகத் தோட்டத் தொழிலாளர்களின் பண்டு (வைப்பு நிதி), பென்ஷன் மனுக்களைத் தயாரித்துக் கொடுத்துவருகிறேன். கீழ்கோத்தகிரியிலிருந்து சேரம்பாடி வரை எந்த லைன் வீட்டில் (எஸ்டேட் குடியிருப்பில்) கேட்டாலும் ஒரே பேச்சு: “ஆபீசில் ஃபைலை அமுக்கி வைத்திருக்கிறார்கள், ஆள் பிடித்தால் நகரும்.” தயவுசெய்து இந்த எண்ணத்தை விடுங்கள். எத்தனை குடும்பங்களின் பணத்தையும் காலத்தையும் இது தின்றிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நிலுவையில் இருக்கும் மனு வேறு, திருப்பி அனுப்பப்பட்ட மனு வேறு. நிலுவையில் இருந்தால் யாரோ ஒருவர் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. திரும்பி வந்துவிட்டால் அந்த மனு அங்கே இல்லை. அது முடிந்துபோன கதை. மேசையிலும் இல்லை, அலமாரியிலும் இல்லை, கணினியிலும் உயிரோடு இல்லை. இல்லாத ஃபைலை எந்த ஆளைப் பிடித்தும் நகர்த்த முடியாது. காரணத்தைச் சரிசெய்யாமல் அதே படிவத்தை மறுபடியும் போட்டால் அதே காரணத்துக்காக மறுபடியும் திரும்பி வரும். மூன்று முறை போட்டால் மூன்று முறை, முப்பது முறை போட்டால் முப்பது முறை. ஏஜெண்டுக்கு ஒவ்வொரு முறையும் காசு. உங்களுக்கு ஒவ்வொரு முறையும் நான்கைந்து மாதம் வீண். உங்கள் ஃபைல் தூங்குவதாக நீங்கள் நினைக்கும் அத்தனை நாளும் அது உங்கள் வீட்டுப் பெட்டியில்தான் இருக்கிறது.

முழுமையான விண்ணப்பத்தை 20 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. காரணமில்லாமல் அதற்கு மேல் இழுத்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அதை வைப்பு நிதி ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம் என்றும் விதி சொல்கிறது. பலரும் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். ஆனால் ‘முழுமையான’ என்ற ஒரு சொல்லை விட்டுவிடுகிறார்கள். பெயர் ஒத்துப்போகாத, பிறந்த தேதி ஒத்துப்போகாத, வேலையை விட்ட காரணம் தப்பாக இருக்கிற மனுவுக்கு அந்த 20 நாள் தொடங்குவதே இல்லை.

அந்தப் பிழைகள் எங்கே பிறந்தன? வைப்பு நிதி அலுவலகத்தில் இல்லை. எஸ்டேட் ஆபீசில், எங்கள் பேனாவில் பிறந்தன. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பேர் பதியும்போது வயது கேட்போம். “இருபது இருக்கும் ஐயா” என்பார்கள். நடப்பு வருடத்திலிருந்து இருபதைக் கழித்து, ஜூலை 1 என்று ஒரு தேதி போட்டு எழுதுவோம். அதன் பிறகு ஆதார் முகாம் வந்தது. அங்கும் வயதைக் கேட்டார்கள், ஜனவரி 1 என்று போட்டார்கள். ஆக, ஒருவருக்கு இரண்டு பிறந்த தேதி, இரண்டும் உத்தேசம். பென்ஷன் வயதான ஐம்பத்தெட்டில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களில் இது இன்னும் மோசம். பழைய காகிதத்தில் லெட்சுமி, செக்ரோலில் லட்சுமி, ஆதாரில் மகாலட்சுமி. மூவரும் ஒரே ஆள்தான் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். கணினிக்குத் தெரியாது.

“ஆதாரைக் காட்டினால் போதுமே” என்று சொல்லாதீர்கள். பிறந்த தேதிக்கான சான்றுகளின் பட்டியலிலிருந்து ஆதாரை 2024 ஜனவரியில் வைப்பு நிதி நிறுவனம் நீக்கிவிட்டது. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்றிதழ், பான் அட்டை, பாஸ்போர்ட் போன்றவை செல்லும். எதுவுமே இல்லாதவர்களுக்கு அரசு சிவில் சர்ஜன் பரிசோதித்துத் தரும் வயதுச் சான்றும் உறுதிமொழிப் பத்திரமும் உண்டு. பள்ளிக்கூட வாசலையே பார்க்காத கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு இந்தக் கடைசி வழிதான். அதற்கும் நாளாகும். ஐம்பத்தெட்டு முடிந்த மறுநாள் இதற்கு அலையத் தொடங்கினால் வருடம் ஓடிவிடும். ஐம்பது வயதிலேயே தொடங்குங்கள் என்று நான் தொண்டை வறளச் சொல்வது இதற்காகத்தான்.

2017 அக்டோபர் 1 முதல், ஆதாரோடு பொருத்தி யு.ஏ.என் எண் (வைப்பு நிதி உறுப்பினருக்குத் தரும் நிரந்தர எண்) வாங்கியவர்கள் பெயரையும் தேதியையும் இணையதளத்தில் தாங்களே திருத்திக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் வசதி வந்தது. நல்லதுதான். ஆனால் இந்த மலையில் இப்போது பென்ஷன் வயதை எட்டுபவர்கள் அநேகமாக எல்லோரும் அதற்கு முந்தியவர்கள். அவர்களுக்குத் தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழி வேண்டும். எஸ்டேட் கைமாறிவிட்டது, மூடிவிட்டார்கள் என்றாலும் சோர்ந்துபோக வேண்டாம். நோட்டரி, அரசிதழ் அலுவலர் போன்றோரின் சான்றொப்பத்தோடு அனுப்ப வழி இருக்கிறது. சர்வீஸ் ஆதாரமாகப் பழைய சம்பளத் துண்டு ஒன்றாவது வைத்திருங்கள். அடுப்பு மூட்ட எடுத்துவிட்டதாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரிவதில்லை.

இன்னொரு கொடுமை படிவம் 10சி, அதாவது பென்ஷன் பணத்தை இடையிலேயே எடுக்கப் போடும் படிவம். ஓர் எஸ்டேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, “பென்ஷன் பணத்தையும் எடுத்துக்கொடுத்துவிடுகிறேன்” என்று யாராவது ஆசை காட்டுவார்கள். எடுத்தால் அந்த சர்வீஸ் அழிந்தது. மாத பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். கடைசி வருடத்தில் ஆறு மாதம் இருந்தால்கூட முழு வருடமாக எண்ணிக்கொள்வார்கள். ஓர் இடத்தில் எட்டு வருடம், இன்னோர் இடத்தில் ஒன்பது வருடம் மூன்று மாதம் என்று பதினேழு வருடம் கொழுந்து பறித்த ஒரு பெண்ணுக்கு இன்று ஒரு ரூபாய் பென்ஷன் இல்லை. முதல் எட்டு வருடத்தைச் சில ஆயிரங்களுக்கு விற்றுவிட்டார். பணமாக எடுக்காமல், அந்த சர்வீசைக் காட்டும் திட்டச் சான்றிதழாக வாங்கி வைத்திருந்தால், அல்லது புதிய கணக்குக்கு மாற்றியிருந்தால், சாகும் வரை மாதாமாதம் வந்திருக்கும். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து அதேதான். அது போதாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மகனும் மகளும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்க, லைன் வீட்டில் தனியாக இருப்பவருக்கு மாத்திரை வாங்க அந்த ஆயிரம்தான் இருக்கிறது.

பந்தலூர் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். சர்வீசில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்குப் பத்து வருடக் கணக்கெல்லாம் கிடையாது. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே விதவை பென்ஷன் உண்டு. இரண்டு பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயது வரை பென்ஷன் உண்டு. அதோடு காப்பீடு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தவருக்குக் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் ஏழு லட்சம். இது அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஏஜெண்டுக்குத் தெரிந்ததா என்பதும் சந்தேகம். பண்டு, பென்ஷன், காப்பீடு மூன்றுக்கும் சேர்த்து ஒரே இறப்புப் படிவம் இருக்கும்போது அவர் பென்ஷனுக்கு மட்டும் மூன்று முறை போட்டிருக்கிறார்.

எஸ்டேட் ஆபீசில் இப்போது வேலை பார்க்கும் தம்பிகளே, உங்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். மாதக் கணக்கை அனுப்பும்போது, வேலைக்கு வராதவர்கள் எல்லோருக்கும் ஒரே காரணத்தைப் போட்டு முடித்துவிடாதீர்கள். வேலையை விட்டவர், ஓய்வு பெற்றவர், இறந்தவர் என்று தனித்தனியாக இருக்கிறது. நீங்கள் அவசரத்தில் தட்டும் அந்த ஒரு பதிவுதான் ஒரு குடும்பத்தை ஒன்றரை வருடம் தெருவில் நிறுத்துகிறது.

வைப்பு நிதி அலுவலகத்தாரிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. முதல் முறை பெயரில் பிழை என்று திருப்புவது, அதைச் சரிசெய்து கொடுத்தால் இரண்டாம் முறை தேதியில் பிழை என்று திருப்புவது. எல்லாக் குறைகளையும் முதல் தடவையிலேயே சொல்லிவிட வேண்டும் என்று உங்களுக்கு மேலிருந்தே அறிவுறுத்தல் வந்திருக்கிறது. அதைக் கடைப்பிடியுங்கள். மறுப்புக் கடிதத்தில் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். அந்த இரண்டு வரி இருந்திருந்தால் இந்த அம்மா எப்போதோ பென்ஷன் வாங்கியிருப்பார்.

வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிறீர்களே, உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் தோன்றுகிறது. கல்லூரி படிக்கும் பேரனுக்குப் பாட்டிக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படிக்க நேரமில்லையா? அப்பா அம்மாவின் யு.ஏ.என் எண்ணோடு இணைந்திருப்பது யாருடைய செல்போன் எண் என்று இன்றைக்கே பாருங்கள். எப்போதோ தூக்கிப்போட்ட சிம் என்றால் முதலில் அதை மாற்றுங்கள். பதிவு செய்த போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசிச் சந்தாவும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும். லைனில் சிக்னல் இல்லையென்றால் டவர் கிடைக்கும் வளைவு வரை நடந்துபோய்க் கொடுங்கள். கணவன் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், நியமனதாரர் பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஏற்கெனவே பென்ஷன் வாங்குகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். உயிர்வாழ் சான்று கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் செல்லும். விட்டால் பணம் நிற்கும். கொழுந்து பறித்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் சில நேரம் ஏற்காது. அதற்காகத் திரும்பிப் போய்விடாதீர்கள். முகத்தைக் காட்டியும் பதியலாம், தபால்காரரிடமும் பதியலாம்.

மனு நிஜமாகவே நிலுவையில் இருந்து 20 நாள் கடந்துவிட்டதா? அப்போது சும்மா இருக்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டத்தில் வைப்பு நிதிக் குறைதீர் முகாம் நடக்கிறது. அன்று விடுமுறையென்றால் அடுத்த வேலை நாள். அங்கே போய் எழுத்தில் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்கு ஏஜெண்டு வேண்டாம்.

அந்த அம்மாவை உட்காரவைத்து எஸ்டேட் ஆபீசுக்கு அப்போதே போன் செய்தேன். புதிய கிளார்க் நல்ல பையன். இறப்புச் சான்றிதழ் நகலை அனுப்பினால் பதிவைத் திருத்தித் தருவதாகச் சொன்னார். கடிதம் எழுதிக் கொடுத்தேன். இறப்புப் படிவத்தை முழுவதுமாக நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். கணவர் இறந்த மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவை பென்ஷனும் சேர்ந்து வரும் என்று சொன்னபோதுதான் அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

கிளம்பும்போது மூன்று பழைய கடிதங்களையும் என் முன்னால் மறுபடி வைத்தார். “இதில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதித் தாருங்கள் ஐயா. அந்தத் தம்பியிடம் காட்ட வேண்டும்” என்றார். ஒவ்வொரு கடிதத்தின் பின்பக்கத்திலும் எழுதிக் கொடுத்தேன். மூன்றிலும் ஒரே வரிதான். அதை ஒரு முறை படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, இரண்டே கால் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.