குளிரே இல்லாத ஊரில் மரம் தேதி பார்ப்பது எப்படி?

மார்ச் கடைசியில் போனைத் திறந்தாலே ஜப்பான் செர்ரிப் பூதான். அதே நாட்களில் வடசென்னையில் மாதவரம் பால்பண்ணைப் பக்கம் புங்க மரத்தடியில் பூ கொட்டிக் கிடக்கும். அதை யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை.

செர்ரியின் பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி, செதில் மூடிக்கொண்டு உறங்கப் போய்விடும். அது விழிக்க வேண்டுமென்றால் சுமார் 7 டிகிரிக்கும் குறைவான குளிரில் பல நூறு மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன் நாலு நாள் நல்ல வெயில் அடித்தாலும் மொட்டு அசையாது. அவசரப்பட்டு விரிந்தால் அடுத்த உறைபனியில் கருகிவிடும் அல்லவா? குளிர்க் கணக்கு முடிந்த பிறகுதான் வெப்பம் ஏற ஏற மொட்டு பருக்கும். கியோட்டோவில் செர்ரி பூத்த நாள் பற்றிய குறிப்புகள் கி.பி. 812 முதல் கிடைக்கின்றன; அவற்றிலேயே மிக முந்திய நாட்களில் ஒன்று 2021 மார்ச் 26. பூமி சூடாவதற்கு இதைவிட நீளமான சாட்சிக் குறிப்பேடு அரிது.

சரி, பெரம்பூருக்கு ஏது 7 டிகிரி? மார்கழி விடியலில்கூட இங்கே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். செர்ரியைக் கொண்டுவந்து நட்டால் உறக்கம் சரியாகக் கலையாமல் தவிக்கும். நம் மரங்கள் பார்ப்பது வேறு கடிகாரம்.

ஒன்று, பகலின் நீளம். டோக்கியோவில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய 5 மணி நேர வித்தியாசம். சென்னையில் ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது உறைக்காது. ஆனால் வெப்பமண்டல மரங்களில் பல, அரை மணி நேர மாற்றத்தைக்கூட உணர்ந்துகொள்கின்றன.

இன்னொன்று தண்ணீர். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. மழை ஓய்ந்து மாதக்கணக்கான பிறகு, வெயில் ஏறும் பங்குனியில், ஒரு மரம் ஆயிரக்கணக்கான பூக்களுக்கு நீர் எங்கிருந்து எடுக்கிறது? மரம் இழக்கும் நீரில் பெரும்பகுதி இலைத்துளைகள் வழியே ஆவியாகத்தான் போகிறது. முதிர்ந்த இலைகளுக்கு அந்தத் துளைகளை இறுக்கி மூடும் திறமையும் குறைவு. மரம் இலையைக் கொட்டிவிட்டால் செலவு நின்றுபோகிறது. ஆழத்து வேர்கள் நீரை இழுத்தபடியே இருக்க, தண்டு மெல்ல நிரம்புகிறது. அந்த அழுத்தம்தான் மொட்டைத் தள்ளித் திறக்கிறது. ‘காய்ந்துபோச்சு’ என்று நாம் நினைக்கும் இலையில்லா மரம், உண்மையில் உள்ளே நீர் சேர்த்துக்கொண்டிருக்கிறது. புங்கத்தில் பளபளக்கும் இளந்தளிரும் பூவும் சேர்ந்தே வருவதற்குக் காரணம் இதுதான். சங்கப் புலவர்கள் புங்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். உதிர்ந்து கிடக்கும்போது பார்த்தால் வேறு உவமை தோன்றாது.

எல்லா மரமும் இப்படி இல்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தல மரமான மகிழம் மொத்தமாக இலை உதிர்ப்பதே கிடையாது. சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்துகொடுத்தது மகிழ மரத்தடியில்தான் என்பது ஊர் அறிந்த கதை.

அப்புறம் சித்திரையில் கொன்றை. உதிராத பூ ஒன்றை எட்டிப் பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ். நடுவில் பத்து மகரந்தத் தாள்கள். பத்தும் ஒரே அளவில் இருக்காது. மூன்று நீளமாக வளைந்திருக்கும், நான்கு நடுத்தரம், மீதி மூன்று குட்டை. குட்டையானவற்றால் மகரந்தச் சேர்க்கைக்குப் பயன் இல்லை. இந்தப் பூவில் தேன் கிடையாது. பெரிய கருவண்டு வருவது மகரந்தத்துக்காக. நடுத்தரத் தாள்களைக் கட்டிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். ரீங்காரம் திடீரென்று தடிப்பதைக் கீழே நின்றே கேட்கலாம். அந்த அதிர்வில் சிறு துளைகள் வழியே தூள் கொட்டும். அது வண்டின் சாப்பாடு. நீளமான தாள்களின் தூளோ வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். ஒரே பூவில் சாப்பாடு ஒரு பக்கம், கூரியர் ஒரு பக்கம்.

தரையில் பூக்கும் காட்டுப்பூக்களின் பருவம் மட்டும் நமக்கு வேறு. குளிர்நாட்டுக் காடுகளில் மரங்கள் துளிர்த்து நிழல் மூடுவதற்குள் தரைச்செடிகள் பூத்து முடிக்க வேண்டும். அவற்றின் போட்டி நிழலோடு. வடசென்னையின் ரயில் பாதை ஓரத்துத் தும்பைக்கும் நெருஞ்சிக்கும் போட்டி வறட்சியோடு. நம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அந்த ஈரத்தில் முளைத்து, மண் காய்வதற்குள் விதை போட்டாக வேண்டும். எனவே காலி மனைகளில் பூ பார்க்க ஏற்ற மாதங்கள் மார்கழியும் தையும். சித்திரையில் போனால் பெரும்பாலும் எருக்குதான் நிற்கும்.

வேம்பு போடும் கணக்கு இன்னும் நுட்பமானது. வருஷப் பிறப்புப் பச்சடிக்கு நாம் பொறுக்கும் பூ போக, மிச்சம் காயாகி ஆனி, ஆடியில் பழுக்கும். வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது தரையில் விழும் நேரமும் சாயங்கால இடிமழை தொடங்கும் நேரமும் ஒன்றாக இருந்தால்தான் பிழைக்கும். சென்னையில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன.