புகைத்தல் தடையும் உணவக முதலாளிகளின் கணக்கும்

கொழும்பில் உணவகங்களுக்கும் மதுபானசாலைகளுக்கும் கணக்காய்வு செய்து வருகிறேன். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை நடத்தும் முதலாளிமார் பலருக்கு ஓர் அச்சம் உண்டு. உள்ளே புகைக்க விடாவிட்டால், மாலையில் வந்து நெடுநேரம் அமர்ந்து செலவழிக்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பதே அது.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க, புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மூடப்பட்ட பொது இடங்களில் புகைப்பதைத் தடை செய்கிறது. புகைப்பவரை மட்டுமல்ல, புகைக்க இடமளிப்பவரையும் அது கட்டுப்படுத்துகிறது. எனினும், குறைந்தது 30 அறைகள் கொண்ட விடுதிகளும் குறைந்தது 100 பேர் அமரக்கூடிய உணவகங்களும் கழகங்களும் புகைப்பதற்கெனத் தனியிடம் ஒதுக்க அது அனுமதிக்கிறது. சிறிய முதலாளியின் மனக்குறைக்கு வேர் இந்த விலக்கில்தான் இருக்கிறது. காலி வீதியில் 40 இருக்கைகளோடு கடை நடத்துபவர் சட்டத்தை மதித்துச் சாம்பல் கிண்ணங்களை எடுத்துவிட, சில கட்டடங்கள் தள்ளியிருக்கும் பெரிய இடம் சட்டப்படியே புகைப்பவர்களை வரவேற்கிறது. அதே அளவுள்ள இன்னொரு கடையோ சட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே நட்டம் ஏற்படுமானால், அதற்குக் காரணம் தடை அன்று, தடை எல்லோருக்கும் ஒன்றாக இல்லாமையே என்பது என் உறுதியான கருத்து.

விலக்கின்றித் தடை விதித்த நாடுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. அயர்லாந்து 2004 மார்ச் 29 இல் மதுபானசாலைகள் உட்பட மூடப்பட்ட வேலைத்தலங்களில் புகைப்பதைத் தடை செய்தது. அங்கே எவரும் அடுத்த கடைக்குப் போய்ப் பயனில்லை. இத்தகைய தடைகளின் பொருளாதார விளைவைப் பற்றிய 97 ஆய்வுகளை 2003 இல் வெளியான ஒரு மீளாய்வு எடைபோட்டது. அவற்றுள் சிறப்பாக வடிவமைக்கப்பட்டவை அனைத்தும், வியாபாரத்தில் பாதிப்பு இல்லை என்றோ சற்றுக் கூடியது என்றோதான் கண்டன. வரிப் பதிவுகளையும் விற்பனைத் தரவுகளையும் பார்க்காமல் உரிமையாளர்களின் ஊகத்தை நம்பிய ஆய்வுகளே பெரும்பாலும் நட்டத்தைப் பேசின. கணக்காய்வாளனாகிய எனக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது. சிகரட்டோடு ஒரு தேநீரை வைத்துக்கொண்டு மேசையை அடைத்திருப்பவரை முதலாளி காண்கிறார். புகை நாற்றத்தால் வாசலிலேயே திரும்பிவிடும் குடும்பம் எந்தப் பற்றுச்சீட்டிலும் பதிவாவதில்லை.

இன்னொரு செலவும் ஏட்டில் ஏறுவதில்லை. நமது கடைகளில் பரிமாறுபவர்களில் பலர் மலையகத்திலிருந்து வந்து, கடையின் மேல்மாடியிலேயே தங்கும் இளைஞர்கள். வாடிக்கையாளர் ஒரு மணிநேரம் சுவாசிக்கும் புகையை அவர்கள் நாள் முழுவதும் சுவாசிக்கிறார்கள். ஸ்கொட்லாந்தில் 2006 மார்ச்சில் தடை நடைமுறைக்கு வந்தபின், டண்டி நகரின் மதுபானசாலைப் பணியாளர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், இரண்டு மாதங்களுக்குள்ளேயே அவர்களுடைய இருமலும் மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் குறைந்ததைக் கண்டார்கள்.

காற்றுறிஞ்சும் மின்விசிறி பொருத்தினால் போதாதா என்று சிலர் வினவுகிறார்கள். போதாது, அது புகையின் அடர்த்தியைக் குறைக்குமேயன்றி நச்சை முழுவதும் அகற்றாது. அந்தப் பணத்தைத் திறந்த முற்றத்துக்கு ஒரு கூரை போடவோ, வாசலில் மும்மொழி அறிவித்தல் பலகை வைக்கவோ, வாடிக்கையாளரிடம் மரியாதையாக மறுத்துப் பேசப் பணியாளர்களைப் பழக்கவோ செலவிடலாம். அத்தோடு, தடையைக் கண்டிப்பாக்குவதற்கு முந்தைய மூன்று மாத விற்பனையையும் பிந்தைய மூன்று மாத விற்பனையையும் மேசைவாரியாகக் குறித்து வையுங்கள். உங்கள் சங்கம் அதிகாரிகளைச் சந்திக்கும்போது அந்த ஏட்டை முன்வைத்து, 100 இருக்கை விலக்கை நீக்கும்படியும் எல்லாக் கடைகளையும் ஒரேவிதமாகச் சோதிக்கும்படியும் கேளுங்கள்.