ஜாமர், பூஸ்டர் யார் வைத்திருக்கலாம்? சிக்னல் முடக்கப்பட்டால் எங்கே முறையிடுவது?

தேர்வு நேரத்தில் கைப்பேசியைத் தடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சென்னையில் பயிற்சி மையம் நடத்துவோர் சிலர், சிக்னலை முடக்கும் கருவியான ஜாமர் வாங்க விசாரிக்கிறார்கள். நோக்கம் எதுவாயினும், தனியார் அக்கருவியை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது. அரசு அனுமதித்தவை தவிர, ஜாமரை விற்பதும், விளம்பரப்படுத்துவதும், இறக்குமதி செய்வதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022ஆம் ஆண்டில் தெளிவாக அறிவித்தது, ஜி.பி.எஸ். தடுப்பான்களுக்கும் இது பொருந்தும். காவல் துறை, சிறைத் துறை, அரசுத் தேர்வு அமைப்புகள் போன்றவைகூட மத்திய அமைச்சரவைச் செயலகத்தின் விதிமுறைகளுக்கு உட்பட்டே ஜாமரைப் பயன்படுத்த முடியும்.

இந்தக் கண்டிப்பு அவசியமானது என்றே கருதுகிறேன். ஜாமரின் அலை சுவரோடு நிற்பதில்லை. அடுத்த வீட்டில் நெஞ்சுவலியால் துடிப்பவருக்காக 108ஐ அழைப்பவரின் கைப்பேசியையும் அது முடக்கிவிடும்.

பலவீனமான சிக்னலை வலுப்படுத்தும் பூஸ்டர் பற்றிய விதி பலருக்கும் தெரிவதில்லை. திருவல்லிக்கேணி போன்ற நெருக்கமான தெருக்களில் கீழ்த்தளத்தில் சிக்னல் கிடைக்காதபோது, மொட்டை மாடியில் ஆன்டெனாவும் அறையில் பெட்டியுமாக ஒன்றை மாட்டிவிடத் தோன்றும். ஆனால் தரமற்ற பூஸ்டர் கைப்பேசிக் கோபுரத்தை நோக்கி இரைச்சலை அனுப்புவதால், சுற்றியுள்ள அனைவரின் அழைப்புகளும் அறுபடக்கூடும். உரிமம் பெற்ற சேவை நிறுவனங்கள் தவிர வேறு எவரும் அதை வைத்திருப்பதும் சட்டவிரோதமே. சிக்னல் குறைவென்றால் நிறுவனத்திடம் முறையிடுவதே வழி.

வைஃபையின் நிலை சற்று வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை உரிமம் தேவையில்லாத பொதுப் பயன்பாட்டுக்குரியது என்பதால், அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டு ரூட்டரால் வேகம் குறைந்தால் பாதுகாப்புக் கோர முடியாது. வேண்டுமென்றே ஜாமரால் முடக்குவது அப்படியல்ல, அது சட்டவிரோதம். சாதனங்களை வைஃபையிலிருந்து துண்டிக்கும் போலிச் செய்திகளைத் தடுக்க, ரூட்டரில் டபிள்யூபிஏ3 பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கலாம். எனினும் அலையையே மூழ்கடிக்கும் ஜாமருக்கு முன் எந்தக் கடவுச்சொல்லும் பயன்படாது.

ஒரே இடத்தில் எல்லா நிறுவனங்களின் சிக்னலும் ஒருசேர மறைந்து, சில அடி நகர்ந்ததும் திரும்பினால் சந்தேகிக்க இடமுண்டு. எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த இடத்தில், எந்தெந்த நிறுவனங்களின் சிக்னல் என்று குறித்துக்கொண்டு உங்கள் சேவை நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளித்து, புகார் எண்ணைப் பெறுங்கள். இடையூறு செய்யும் அலையின் மூலத்தைத் திசை கண்டறியும் கருவிகளால் தேடுவது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பின் பணி. அதற்குச் சென்னைப் பெருங்குடியில் நிலையம் உண்டு. ஜாமரை அணைத்துவிட்டால் தடயமே இருக்காது என்பதால், நேரக் குறிப்பு துல்லியமாக இருந்தால்தான் அதிகாரிகள் சரியான வேளையில் வந்து அளக்க முடியும்.